சமன்பாட்டில் இல்லாத சூடு

இதில் உங்கள் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று பிரவீனிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். “புதுசா வாரவங்க எங்கிட்டத்தான் வேலை பழகப் போறாங்க, மேடம். கேன்டீன்ல யாரோ சொல்லித் தெரியுறதுக்குப் பதிலா நீங்களே எழுதிருங்க.” எனவே பெயர் அப்படியே இருக்கிறது. எனக்குப் பிறகு உங்கள் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளரான பிரவீன்தான் இதில் வரும் பிரவீன்.

இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் வேதியியல் படித்துவிட்டு வந்தவர்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் கிடைக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அந்த வரியில் தவறு இல்லை. ஆனால் அதில் இரண்டு விஷயங்களை எழுதுவதில்லை. ஒன்று, சூடு. இன்னொன்று, எவ்வளவு நேரம் ஆகும் என்பது. இந்த ஆலையில் அந்த இரண்டும் என் கண்ணில் பட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் சோதனை முறைகளாக உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

நேரத்தைப் பற்றி முதலில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு லாட் பேண்டேஜ் துணி திரும்பி வந்தது. கட்டுப் போட்ட இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து அரிக்கிறது என்று புகார். நம் வேலை உங்களுக்குத் தெரியும். நெய்த துணியைக் காஸ்டிக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அலசி அனுப்புகிறோம். காஸ்டிக் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் பினாப்தலீன் சொட்டு விடுகிறோம். இளஞ்சிவப்பு வந்தால் காஸ்டிக் இருக்கிறது. அந்த லாட்டுக்கு நிறம் வரவில்லை என்று பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்த துணியை மறுபடி சோதித்தபோதும் நிறம் வரவில்லை. அலுவலகத்தில் மருத்துவமனைக்காரர்களைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். “செத்த நேரம் ஊறட்டும்” என்று துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து அதே தண்ணீரில் சொட்டு விட்டார். பீக்கர் ரோஜா நிறமானது. அதை அலுவலக மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

காஸ்டிக் நூலுக்கு மேலே மட்டும் ஒட்டியிருப்பதில்லை, உள்ளேயும் போய்விடுகிறது. அலசும்போது மேலே இருப்பது போகிறது. சோதித்தால் சுத்தம் என்று தெரிகிறது. உள்ளே இருப்பது பிறகுதான் மெதுவாக வெளியே வருகிறது. அதற்குப் பிறகு எந்தத் துணியையும் ஊறவிடாமல் நான் சோதித்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வெகுகாலம் கழித்து, துணி அல்லாத ஒன்றுக்கு இது தேவைப்பட்டது.

அது ஆயுத பூஜை நாள்.

நம் ஊர் ஆலைகளில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்பதை உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இயந்திரங்கள் நிற்கும். முற்றம், தரை, சுவர் எல்லாம் ஹோஸ் பிடித்துக் கழுவப்படும். இரும்பாகக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். அதன் மேல் சந்தனம், குங்குமம். துணி வேகவைக்கும் பாத்திரத்துக்கு, பிழியும் இயந்திரத்துக்கு, தராசுக்கு, முதலாளியின் காருக்கு, ஸ்பேனருக்கு, கத்தரிக்கோலுக்கு என்று பொட்டு இல்லாத பொருள் இருக்காது. மாலையில் தொழிலாளர்களின் குடும்பங்கள் வரும். பொரி, கடலை, சுண்டல் கொடுப்பார்கள்.

அந்த வருடம் மேனேஜர் பச்சைப் பெயிண்ட் நிறைய வாங்கிவிட்டார். ரசாயனக் கிடங்கின் வாசலில் இருந்த அவசரக் குழாய்க்கும் அடித்தார்கள். உடம்பில் ரசாயனம் பட்டால் நின்று கழுவத் தலைக்கு மேல் ஒரு ஷவர், கண்ணைக் கழுவ முகத்தின் உயரத்தில் ஒரு கிண்ணம், தள்ளினால் திறக்கும் கைப்பிடி. தணிக்கைக்கு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. பெயிண்ட் புதுசாகப் பளபளத்தது. கைப்பிடியின் இடுக்கிலும் இறங்கிக் காய்ந்திருந்தது. அதற்கு மட்டும் யாரும் பொட்டு வைக்கவில்லை. அது ஏதாவது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

கிடங்கில் இரண்டு மிச்சங்கள் இருந்தன. ஒரு டிரம்மின் அடியில் செறிவான காஸ்டிக் கரைசல். ஒரு கேனில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இப்படிப்பட்ட மிச்சங்களைக் கழிவுநீர்த் தொட்டியில் நிறைய தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் வழக்கம். தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் பண்டிகைக்குத் தன் ஊரான வ. புதுப்பட்டிக்குப் போய்விட்டார். முதலாளி வீட்டார் வருவதற்குள் கிடங்கு காலியாக வேண்டும் என்று மேனேஜர் நின்றார். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த பிரவீனைக் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

பிரவீன் இரண்டின் செறிவையும் பார்த்தார், அளவைப் பார்த்தார், கணக்குப் போட்டார். ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் வெறும் உப்புத் தண்ணீர் ஆகிவிடும் என்றார். அந்தக் கணக்கைப் பிறகு நான் சரிபார்த்தேன். பிழை இல்லை. முழுவதையும் ஊற்றி முடித்திருந்தால் கடைசியில் கிடைத்திருப்பது உப்புத் தண்ணீர்தான். ஆனால் வழியில் எவ்வளவு சூடு வெளிவரும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நீர்த்த கரைசல்களை வைத்துக் கல்லூரியில் செய்யும்போது குடுவை லேசாக வெதுவெதுக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. செறிவான காஸ்டிக்கில் செறிவான ஆசிட் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும்.

ஊற்றியவர் மாரிச்சாமி. கிடங்கில் வேலை. என்னைப் போலவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பஸ்ஸில் இருக்கிற எல்லோரையும் வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைப்பார். அன்று பூஜைக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அதை எடுத்துப் போட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

ஊற்றுவதற்கு முன் இருவரும் பேசியதைப் பிறகு இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

“சின்ன சார், இது ஒண்ணும் பண்ணாதே?”

“பண்ணாதுண்ணே. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிரும்.”

“புருசன் பொண்டாட்டி மாதிரிங்கிறீங்க.”

“அப்படித்தான் வச்சுக்கோங்களேன்.”

“எங்க வீட்டுல அடங்குறதுக்கு முன்னாடி சட்டி பானையெல்லாம் பறக்கும், சார்” என்று சொல்லிக்கொண்டே கேனைச் சாய்த்திருக்கிறார்.

நான் ஆய்வுக்கூடத்தில் தராசுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அடுத்தது மனிதக் குரல்.

வெளியே வந்தபோது மாரிச்சாமி குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் முகத்தின் இடப்பக்கத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். டிரம்மிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பிரவீன் என்னைத் தாண்டி ஆய்வுக்கூடத்துக்குள் ஓடினார். இரண்டு பேர் அவசரக் குழாயின் கைப்பிடியைத் தள்ளினார்கள். அசையவில்லை. ஒருவர் பொட்டு வைத்த ஸ்பேனரை எடுத்து வந்து தட்டினார். கைப்பிடி முறிந்தது.

முற்றம் கழுவிய ஹோஸ் யாரும் பிடிக்காமல் தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். தண்ணீர் வேகமாக அடிக்காமல் வழியும்படி வாயை விரலால் மறித்துக்கொண்டேன். அவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்தோம். கெட்ட கண்ணின் தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது.

“கையை எடுங்க, மாரிச்சாமி.”

“எரியுதுக்கா. எரியுது, லேப் அக்கா.”

“எரியத்தான் செய்யும். கையை எடுங்க.”

இரண்டு பேர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இமைகளை விரலால் விரித்துத் தண்ணீரை விட்டேன்.

இந்த இடத்திலிருந்துதான் நீங்கள் கவனிக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் நம் ஊரில் சும்மா நிற்கிறவர்கள் கிடையாது. எல்லோரும் உதவிக்கு வருவார்கள், எல்லோரிடமும் ஒரு மருந்து இருக்கும். தாய்ப்பால் விட வேண்டும் என்றார் வாட்ச்மேன். வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பாய் ஒரு சொம்பு மோரோடு ஓடி வந்தார். “மோரை ஊத்துங்கம்மா. புளிப்புப் பட்டா அது அடங்கும்.” அதே நேரத்தில் பிரவீன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பீக்கரோடு வந்தார். கை நடுங்கியது. “மேடம், நீர்த்த அசிட்டிக். நியூட்ரலைஸ் பண்ணிரலாம்.”

பாய் அஞ்சாம் வகுப்பு. பிரவீன் எம்.எஸ்ஸி. இருவர் கையிலும் இருந்தது ஒரே யோசனை. காரத்துக்கு எதிரே அமிலம்.

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். அந்த டிரம்மில் நடந்ததும் அதே நியாயம்தான். காரத்தின் மேல் அமிலம் பட்டால் சூடு வரும், இந்த முறை கண்ணுக்குள்ளே. தவிர, கண்ணில் எவ்வளவு காஸ்டிக் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அளவு தெரியாமல் எதிர்ப்பொருளை ஊற்றினால், ஒன்று குறையும், அல்லது மிஞ்சி அதுவும் சேர்ந்து புண்ணாக்கும். தண்ணீர் அதிகமானால் ஒரு கெடுதலும் இல்லை.

“பாய், மோர் வேண்டாம். கடையில தண்ணி இருக்கா?”

“ரெண்டு டிரம் கெடக்கும்மா.”

“அதைக் கொண்டாங்க.”

பிரவீனிடம், “அதைக் கீழே ஊத்திட்டு பிஎச் தாளை எடுத்துட்டு வாங்க” என்றேன். அவர் பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊற்றிவிட்டு ஓடினார். நடுங்குகிற ஆளைச் சும்மா நிற்க விடாதீர்கள். அவரால் செய்ய முடிகிற ஒரு வேலையைக் கொடுங்கள்.

ஆட்டோ வந்து நின்றது. கூடவே மேனேஜரும் வந்தார். பதறினால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். “ஏமாயிந்தி? ஏமாயிந்தி?” என, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். “என்னலே பாத்துக்கிட்டு நிக்கிறிய? தூக்கி ஆட்டோல போடுங்கலே!”

“இப்பப் போக வேண்டாம், சார்.”

“ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா? என்னம்மா பேசுறீங்க?”

“கழுவாமக் கொண்டுபோனா, போற வழியெல்லாம் அது உள்ள எறங்கிக்கிட்டே இருக்கும்.”

“ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காஸ்டிக்கை நாம் எதற்காக வாங்குகிறோம் என்று யோசித்தால் இது புரியும். பஞ்சு நூலில் மெழுகும் கொழுப்பும் இருக்கின்றன. அவற்றைச் சோப்பாக மாற்றி வெளியே எடுப்பதற்காகத்தான் துணியைக் காஸ்டிக்கில் வேகவைக்கிறோம். ஆசிட் பட்ட இடம் பெரும்பாலும் வெந்து இறுகும். காஸ்டிக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். நூல் என்றும் கண் என்றும் அதற்கு வித்தியாசம் கிடையாது. ஒவ்வொரு நாளும் அதன் இந்தக் குணத்தை வைத்துத்தான் நமக்குச் சம்பளம் வருகிறது.

அப்போது மாரிச்சாமியின் மனைவி காளீஸ்வரி உள்ளே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் பெட்டி கட்டும் வேலை அவருக்கு. பூஜைக்கென்று சீக்கிரமே கிளம்பி, கையில் ஒரு பால்கோவாப் பொட்டலத்தோடு வந்திருந்தார். அவர் பார்த்தது இதுதான். கணவர் ஈரத் தரையில் கிடக்கிறார். இரண்டு பேர் கையைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு பெண் அவர் முகத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பத்தடியில் ஆட்டோ காத்து நிற்கிறது.

“அய்யோ, அவியளை என்ன பண்ணுதிய? ஆட்டோ நிக்குது, ஆளு நிக்குது, இங்கன போட்டு மாட்டைக் கழுவுத மாதிரி கழுவுதிய!”

“காஸ்டிக் பட்டிருச்சும்மா. கழுவித்தான் கொண்டுபோகணும்.”

“நீங்க என்ன டாக்டரா? ஒங்க வீட்டுக்காரரா இருந்தா இப்படிப் போட்டு வப்பியளா?”

நியாயமான கேள்விதான். ஹோஸில் தண்ணீர் மெலிந்துகொண்டு வந்ததும் அப்போதுதான். காலையிலிருந்து முற்றம் கழுவியதில் மேல்தொட்டி காலி. மோட்டார் போடலாம் என்றால் மூன்று பேஸ் கரண்ட் இல்லை. பாய் தன் டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு கொடுத்தார்கள். நான் இமையைப் பிடித்துக்கொள்ள, வாட்ச்மேன் ஊற்றினார். அவர் கை நிதானமாக இருந்தது.

பிரவீன் தாளோடு வந்தார். கீழிமையை இழுத்து உள்பக்கம் ஒரு நுனியை ஒற்றினேன். கருநீலம், காரம் கடுமையாக இருக்கிறது. ஊற்றச் சொன்னேன். இன்னும் சில சொம்புகளுக்குப் பிறகு மறுபடி ஒற்றினேன். நீலம் வெளுத்திருந்தது. ஊற்றினோம். பிறகு ஒருமுறை ஒற்றியபோது தாள் காரமும் இல்லை, அமிலமும் இல்லை என்று காட்டும் இளம்பச்சையில் நின்றது.

“ஏழு வந்திருச்சு, மேடம்” என்றார் பிரவீன். முதல்முறையாக மூச்சு விட்டது போல இருந்தது அவர் குரல்.

“முடிஞ்சுதுல்ல, தூக்குங்க” என்றார் மேனேஜர்.

“தண்ணியை நிப்பாட்டுங்க” என்றேன். “யாரும் தூக்க வேண்டாம். செத்த நேரம் பொறுங்க.”

என் வேலைக்காலத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் அந்தக் காத்திருப்பைத்தான் சொல்வேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரை ஏதோ நடக்கிறது என்று ஆட்கள் பொறுத்திருந்தார்கள். இப்போது தண்ணீரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மாரிச்சாமி முனகிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ, “அந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு” என்றார். எனக்கு அந்த ரோஜா நிற பீக்கர் நினைவில் இருந்தது. துணிக்குள் இருப்பது வெளியே வர நேரம் எடுக்கும் என்றால், கண்ணுக்குள் இருப்பதும் எடுக்கும். ஆனால் அது துணி, இது கண். என் கணிப்பு தவறாக இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தவறாக இருந்தால், நான் வீணாக்குவது இந்த மனிதனின் நேரம்.

“தண்ணியும் ஊத்தல, கொண்டுபோகவும் விடல. என்னத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிய?” காளீஸ்வரி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“இன்னொரு தாள்” என்றேன்.

பிரவீன் கொடுத்தார். ஒற்றினேன்.

நீலம்.

காளீஸ்வரி என் கையிலிருந்து அந்தத் தாளைப் பிடுங்கினார். முந்தின தாள் தரையில் ஒட்டிக் கிடந்தது. அதையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது முன்னால பச்சையாத்தானே இருந்துச்சு?”

“ஆமா.”

“பொறவு யாரும் ஒண்ணும் ஊத்தலையே?”

“இல்ல.”

“அப்பம் இது எங்க இருந்து வந்துச்சு?”

“உள்ள இருந்து வருதும்மா. இன்னும் இருக்கு.”

அவர் பால்கோவாப் பொட்டலத்தை யாரிடமோ கொடுத்தார். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்தார். கணவரின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “ஆட்டோவை அந்தப் பக்கம் தள்ளி நிப்பாட்டச் சொல்லுங்க” என்றார். நான் சொல்லி அடங்காத கூட்டம் அதற்கு அடங்கியது. “பாய்ண்ணே, தண்ணி!”

அதற்குப் பிறகு இமையைப் பிடித்தது அவர்தான். என்னைவிடக் கண்டிப்பாகப் பிடித்தார். மாரிச்சாமி தலையைத் திருப்பினால், “ஆடாதிய, அடி வாங்குவிய” என்றார். பச்சை வந்தது. காத்திருந்தோம். லேசாக நீலம் திரும்பியது. மறுபடி கழுவினோம். பாயின் இரண்டாவது டிரம்மும் பாதிக்கு வந்த பிறகு தாள் பச்சையிலேயே நின்றது. காத்திருந்து ஒற்றியபோதும் மாறவில்லை. இப்போது தூக்கலாம் என்றேன்.

பண்டிகை நாளில் கண் மருத்துவர் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கிடைத்தார். ஆட்டோவிலும் சொம்பை வைத்துக்கொண்டு காளீஸ்வரி ஊற்றிக்கொண்டே வந்தார். “யம்மா, ஆட்டோவா இது, கம்மாயா?” என்றார் ஆட்டோக்காரர். அதற்கு மடியில் கிடந்த மாரிச்சாமி, “பஸ்ஸுக் காசு மிச்சம்னு நெனச்சேன், நீ தண்ணிக்கும் சேத்துக் கேப்ப போலிருக்கே” என்றார். காளீஸ்வரி அதுவரை அழவில்லை. அதைக் கேட்டுத்தான் அழுதார்.

மருத்துவர் முதலில் செய்ததும் தாளை ஒற்றிப் பார்த்ததுதான். பிறகு அவரும் ஒருமுறை கழுவினார். வெளியே வந்து கேட்டார். “என்ன ஊத்துனீங்க?”

“தண்ணி.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“எவ்வளவு நேரம்?”

“மணி பாக்கல, டாக்டர். தாள் மாறாம நிக்கிற வரைக்கும்.”

அவர் தலையசைத்துவிட்டு மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சில வாரங்கள் இருந்தார்கள். கண் போகவில்லை. பழையபடி ஆகவும் இல்லை. கருவிழியின் ஓரத்தில் ஒரு வெண்மை தங்கிவிட்டது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்பார் மாரிச்சாமி. பஸ்ஸின் பெயர்ப்பலகையை வலது கண்ணால் படிக்கிறார். இதை முழு வெற்றி என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஆலை திறந்த அன்று பிரவீன் ஆய்வுக்கூடத்தில் உட்காராமல் நின்றார். “நான் போயிரலாம்னு இருக்கேன், மேடம்.”

“போனா உங்க இடத்துக்கு ஒரு புது ஆளை எடுக்கணும்” என்றேன். “அவருக்கும் கணக்குத் தெரிஞ்சிருக்கும், சூடு தெரிஞ்சிருக்காது. அதைக் கத்துக்குடுக்க இன்னொருத்தர் கண்ணை நான் செலவு பண்ண முடியாது.”

கடுமையான வார்த்தைதான். அவர் இருந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிச்சாமியின் வீட்டுக்குப் போனார். காளீஸ்வரி உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்று பேசிவிட்டு வந்தார். அடுத்த முறை போனபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பால்கோவா கொடுக்க ஒரு வருடம் ஆயிற்று என்று பிரவீனே சொல்வார்.

பின்னால் அவர் செய்த மாற்றங்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மிச்சங்களைச் சேர்ப்பதைப் பற்றி யார் கேட்டாலும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். பூஜை நாளிலும் பாதுகாப்புக் கண்ணாடி சாமி படத்துக்கு முன்னால் போகக் கூடாது, முகத்தில்தான் இருக்க வேண்டும். அவசரக் குழாய்க்குத் தனியாக ஒரு தொட்டி, அதிலிருந்து முற்றம் கழுவக் கூடாது. அதன் கைப்பிடிக்குப் பெயிண்ட் கிடையாது. புதிதாகச் சேர்ந்த உங்களைத் திங்கட்கிழமைதோறும் அதைத் திறந்து பார்க்கச் சொல்வது எதற்கு என்று உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாரிச்சாமி வேலைக்குத் திரும்பி வந்த பிறகு முதல் ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வேறு எதற்கும் போகாமல் நேரே அவசரக் குழாய்க்குப் போனார். ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம் சரியாகப் பிடிபடுவதில்லை. கைப்பிடிக்கு வைக்க நினைத்த பொட்டு பக்கத்துக் குழாயில் விழுந்து கோணலாக வழிந்தது. பிரவீன் ஒரு துணியை எடுத்துத் துடைக்கப் போனார்.

“இருக்கட்டும், சின்ன சார். மொதல்ல தெறந்து பாருங்க, தண்ணி வருதான்னு.”

பிரவீன் கைப்பிடியைத் தள்ளினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து இருவரையும் நனைத்தது. பொட்டு கரைந்து போயிற்று. மாரிச்சாமி மறுபடி கிண்ணத்தில் விரலை விட்டார்.